கிம்ச்சிக் கிண்ணமும் உப்புக் கணக்கும்

சென்ற கோடையில் ஒரு நாள் எங்கள் சிறுநீரகவியல் புறநோயாளர் பிரிவுக்குப் பெரியவர் ஒருவர் தம் பேத்தியுடன் வந்தார். பிரம்மதேசத்தை அடுத்த சிற்றூர் அவர்களுடையது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்து அவருடைய சிறுநீரகங்களின் ஆற்றலைப் பாதிக்கும் கீழாகக் குறைத்திருந்தன. நான்கு ஆண்டுகளாக என் கண்காணிப்பில் இருப்பவர். ஒவ்வொரு முறையும் அவர் சொல்லும் குறை ஒன்றே: "சாப்பாடு வாய்க்கு வெளங்கல டாக்டர்." அன்று மட்டும் முகமலர்ச்சியோடு வேறொன்று சொன்னார்: "பேத்தி கோஸ்ல ஒரு ஊறுகாய் செஞ்சு தருது. அது இருந்தா ரெண்டு வாய் சோறு கூடவே எறங்குது."

பேத்தி வெட்கத்துடன் திருத்தினார். "ஊறுகாய் இல்ல தாத்தா, கிம்ச்சி." புதுச்சேரியில் கல்லூரிப் படிப்பு, கொரியத் தொடர்கள் பார்க்கும் பழக்கம், ஆரோவில் அருகே ஒரு கடையில் வாங்கிச் சுவைத்த கிம்ச்சியை வீட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார். தாத்தாவுக்கு அது பிடித்துவிட்டது.

அன்று மாலை ஆய்வகத்திலிருந்து இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பொட்டாசியம் 6.2. ஐந்துக்குள் இருக்க வேண்டிய அளவு அது. இதயத்தின் துடிப்பையே குலைத்துவிடக்கூடிய எண்ணிக்கை. பெரியவரை அழைத்து உடனே உள்நோயாளியாகச் சேர்த்தோம். உறவினர் வந்து சூழ்ந்ததும் வார்டில் ஒரே பேச்சு: "கொரியாக்காரன் தின்னுறது நமக்கு எதுக்கு?" அந்தப் பெண் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார்.

கிம்ச்சிதான் குற்றவாளியா? அக்குடும்பத்தாரின் இசைவோடு, அடையாளங்களைத் தவிர்த்து, இந்நிகழ்ச்சியை இங்கே எழுதுகிறேன். விடையைச் சொல்லுமுன் அந்தக் கிண்ணத்தில் இருப்பது என்ன என்பதை நாம் அறிந்துகொள்வோம்.

கிம்ச்சி என்பது என்ன?

உப்பிட்டுப் பதப்படுத்திய காய்களை மிளகாய், பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள் ஆகியவற்றுடன் பிசைந்து, தானே புளிக்கும்படி விட்டு எடுக்கும் உணவே கிம்ச்சி. பெரும்பாலும் நீண்ட இலைகளைக் கொண்ட சீன முட்டைகோஸில் செய்வர். முள்ளங்கி, வெள்ளரி ஆகியவற்றிலும் செய்வதுண்டு. சுவை கூட்டுவதற்காக, உப்பில் ஊறிய கூனி இறாலையோ நெத்திலி போன்ற சிறு மீன்களின் சாற்றையோ சேர்ப்பது கொரிய வழக்கம். நொதித்தலை ஊக்குவிக்க அரிசிமாவுக் கஞ்சி சிறிது கலப்பதும் உண்டு.

கொரியாவின் குளிர்காலம் கடுமையானது. மண் உறைந்து காய்கறி கிடைக்காத மாதங்களுக்காக, நவம்பர் இறுதியை ஒட்டி ஊரார் கூடிப் பெருமளவில் கிம்ச்சி செய்து, மண்சாடிகளில் நிரப்பி நிலத்தில் புதைத்து வைத்தனர். இக்கூட்டு உழைப்பின் பெயர் கிம்ஜாங். தென்கொரியாவின் கிம்ஜாங் மரபை 2013இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வடகொரியாவின் மரபு 2015இல் சேர்க்கப்பட்டது. நம் வீடுகளில் மாவடுக் காலத்திலும் வற்றல் போடும் கோடையிலும் பெண்கள் கூடி வேலை செய்வதை நினைத்துக்கொண்டால், கிம்ஜாங் நமக்கு அயலான செய்தியாகத் தோன்றாது.

கிம்ச்சியின் சிவப்பு நிறத்திலும் நமக்கு ஓர் உறவு உண்டு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியாக அது நம் நாட்டுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். கொரியாவை எட்டியது அந்நூற்றாண்டின் இறுதியை ஒட்டி என்பது பெரும்பாலோர் கருத்து. அதற்கு முந்தைய கிம்ச்சி மிளகாய் இல்லாததாகவே இருந்தது. நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தது போலத்தான். மிளகாய் என்னும் சொல்லே 'மிளகு போன்ற காய்' என்று பொருள் தருகிறது.

நம் பக்கம் வந்த வழி

தமிழ்நாட்டில் கொரிய உணவு வேரூன்றியதற்குத் தொழிற்சாலைகளே முதற்காரணம். திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் பல கொரிய நிறுவனங்கள் வந்தன. அவற்றில் பணிபுரிய வந்த கொரியக் குடும்பங்களுக்காகச் சென்னையில் உணவகங்களும் மளிகைக் கடைகளும் தோன்றின. நம் விழுப்புரம் மாவட்டத்துக்கு வேறொரு வழியும் இருந்தது. 1968இல் தொடங்கப்பெற்ற ஆரோவில் பன்னாட்டு நகரியத்தின் பெரும்பகுதி இம்மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் உள்ளது. அங்கு வாழும் பல நாட்டவருள் கொரியரும் உண்டு. ஆரோவில், புதுச்சேரிப் பகுதிகளில் இங்கேயே விளைந்த காய்களைக் கொண்டு செய்த கிம்ச்சி இன்று கண்ணாடிக் குப்பிகளில் கிடைக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாகத் தமிழில் ஒலிமாற்றம் செய்யப்பட்ட கொரியத் தொடர்கள், கைபேசி வழியே திண்டிவனத்துத் தெருக்கள்வரை அந்த உணவைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன.

இந்த ஈர்ப்பை வெறும் மோகம் என்று நான் ஒதுக்கமாட்டேன். கொரியரின் உணவும் நம்முடையதைப் போலச் சோற்றை நடுவில் வைத்தது. சுற்றிலும் சிறு கிண்ணங்களில் கீரை, காய், மீன், புளித்த தொடுகறி. அறுவடைத் திருநாளுக்கு அவர்கள் செய்யும் சோங்பியோன் என்னும் பண்டம், அரிசிமாவுக்குள் எள்ளும் இனிப்பும் வைத்து ஆவியில் வேகவைத்தது. நம் கொழுக்கட்டைக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி. கிண்ணத்துச் சோற்றில் காய்களையும் காரத் தொக்கையும் போட்டுக் கலந்து உண்ணும் பிபிம்பாப், நமக்குப் பழகிய கலந்த சாதமே. குழந்தை தாயைக் கூப்பிடும் சொல் அங்கே 'ஒம்மா'. தந்தையைக் கூப்பிடும் சொல் 'அப்பா'. காரமும் புளிப்பும் உப்பும் சேர்ந்த சுவைக்குப் பழகிய நாக்கு, கிம்ச்சியை முதல் கவளத்திலேயே அடையாளம் கண்டுகொள்வதில் வியப்பில்லை.

புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள்

கோஸை உப்பிட்டவுடன் அதன் நீர் வெளியேறி உப்புநீராகிறது. அந்நீரில் தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் பல வளர இயலாது. உப்பைத் தாங்கவல்ல லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் மட்டும் பெருகி, காயில் உள்ள சர்க்கரையை உண்டு, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. புளிப்பு அந்த அமிலத்தால்; மூடியைத் திறக்கும்போது எழும் நுரை அந்த வாயுவால். புளிப்பு ஏற ஏற மற்றக் கிருமிகளுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

இவ்வேலையைத் தொடங்கிவைக்கும் நுண்ணுயிர்களுள் முதன்மையானது லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்டிஸ். இப்பெயர் நமக்குப் புதிது, உயிர் புதிதன்று. இரவெல்லாம் நம் வீட்டு இட்லி மாவைப் பொங்கச் செய்வதிலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு வேறுபாடு மட்டும் உள்ளது. இட்லியை நாம் வேகவைத்து விடுவதால் அந்நுண்ணுயிர்கள் இறந்துவிடுகின்றன. கிம்ச்சியை வேகவைக்காமல் உண்பதால் அவை உயிரோடு நம் குடலுக்குச் செல்கின்றன. மோரும் பழைய சோறும் இவ்வகையில் கிம்ச்சிக்கு நெருங்கியவை.

இவற்றால் நன்மை உண்டா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 பேரை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. தயிர், கிம்ச்சி முதலிய நொதித்த உணவுகளைப் பத்து வாரங்கள் கூடுதலாக உண்ட குழுவினருக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. உடலில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் சில குறைந்தன. நம்பிக்கை தரும் முடிவு இது. ஆனால் ஆய்வு சிறியது, கலந்துகொண்டவர்கள் நலமானவர்கள். எனவே கிம்ச்சியை நல்ல உணவு என்று சொல்லலாம்; மருந்து என்று சொல்லலாகாது. நீரிழிவு மாத்திரைக்கோ இரத்த அழுத்த மாத்திரைக்கோ அது மாற்றாகாது.

உப்பு என்னும் காவலாளி

மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நம் வட்டார மக்களுக்கு உப்பின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. மீனைக் கருவாடாக்கி மாதக்கணக்கில் காப்பது அதுவே. கிம்ச்சியிலும் உப்பு சுவைக்காக மட்டும் இல்லை. கெட்ட கிருமிகளைத் தடுக்கும் காவலாளியாக இருக்கிறது. 'எங்கள் அப்பாவுக்கு உப்பு ஆகாது, அதனால் உப்பே போடாமல் கிம்ச்சி செய்தோம்' என்று சிலர் சொல்கின்றனர். அது ஆபத்தான முயற்சி. காவலாளி இல்லாத குப்பியில் எது வளரும் என்று சொல்ல இயலாது.

அப்படியாயின் உப்பு குறைக்க வேண்டியவர்கள் என்ன செய்வது? செய்முறையில் உள்ள உப்பைக் குறைப்பதைவிட, உண்ணும் அளவைக் குறைப்பதே வழி. இதற்கு ஒரு சிறு கணக்கு உதவும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவு. அதாவது மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி. அதில் உள்ள சோடியம் ஏறத்தாழ 2,000 மில்லிகிராம். குழம்பு, பொரியல், சட்னி, பிஸ்கட், வடை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இவ்வளவு.

கிம்ச்சிக்கான பன்னாட்டு உணவுத் தரம் 2001இல் வகுக்கப்பட்டது. அதன்படி கிம்ச்சியில் நூற்றுக்கு 1 முதல் 4 பங்கு வரை உப்பு இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு குப்பிகளில் உப்பு நான்கு மடங்குவரை வேறுபடலாம் என்பது இதன் பொருள். ஆகவே கடையில் வாங்குவோர் குப்பியின் மேலொட்டில் சோடியத்தின் அளவைப் படித்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு 2 பங்கு உப்புள்ள கிம்ச்சியை எடுத்துக்கொள்வோம். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம் உண்டால் 0.6 கிராம் உப்பு சேரும். ஒரு கிண்ணம், 150 கிராம் உண்டால் 3 கிராம். அன்றைய பங்கில் பாதிக்கு மேல் ஒரே தொடுகறியில் முடிந்துவிட்டது.

நம் எண்ணெய் ஊறுகாயும் இக்கணக்குக்கு உட்பட்டதே. அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் உப்பு இருக்கக்கூடும். ஒரு தேக்கரண்டி ஊறுகாயிலேயே அரை கிராமுக்கு மேல் உப்பு சேர்ந்துவிடக்கூடும். 'கிம்ச்சி ஆகாது' என்று சொல்லிவிட்டு, அப்பளம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றைத் தட்டில் வைப்பதில் பொருளில்லை. உடலுக்குத் தெரிந்தது சோடியம் மட்டுமே. அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது.

கொரிய உணவுகளுள் நான் மிகவும் அஞ்சுவது கிம்ச்சியை அன்று. பொட்டலத்தில் வரும் உடனடி நூடுல்ஸை. ஒரே பொட்டலத்தில் 1,500 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உள்ள வகைகள் உண்டு. மசாலாப் பொடி முழுவதையும் போட்டு, சாற்றையும் குடித்துவிட்டு, பக்கத்தில் கிம்ச்சியையும் வைத்து உண்டால், ஒரே வேளையில் ஒரு நாளின் எல்லையைத் தாண்டிவிடுவோம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இதன் விளைவு உடனே தெரியும்: தாகம் மிகும், தண்ணீர் அருந்துவார், அடுத்த டயாலிசிஸுக்கு வரும்போது எடை ஏறி மூச்சு வாங்கும்.

அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது

இனி, முதலில் விட்ட இடத்துக்கு வருவோம். உயர்ந்த பொட்டாசியத்துக்கு உரிய மருத்துவம் தொடங்கியபின், அந்தப் பெண்ணை அழைத்து உட்காரவைத்துக் கேட்டேன். கிம்ச்சியில் என்னென்ன போட்டாய்? கோஸ், முள்ளங்கி, பூண்டு, மிளகாய்த்தூள். மீன்சாறு இல்லை. தாத்தா எவ்வளவு உண்பார்? மதியம் இரண்டு கரண்டி. இவற்றுள் எதுவும் பொட்டாசியத்தை அவ்வளவு உயர்த்தாது. கடைசியாகக் கேட்டேன்: உப்பு?

"தாத்தாவுக்கு உப்பு ஆகாதுன்னு நீங்க சொன்னீங்க இல்ல டாக்டர், அதனால வீட்டு உப்பையே மாத்திட்டேன். சோடியம் கம்மியான உப்பு. விலை கூட, ஆனா தாத்தாவுக்காக வாங்கினேன்."

விடை கிடைத்துவிட்டது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவனவற்றில், சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை நீக்கிவிட்டு அதற்கு ஈடாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பர். சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கு அது நன்மையே தரக்கூடும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அந்தப் பொட்டாசியத்தை வெளியேற்றும் வழி அடைபட்டிருக்கிறது. இவர் உட்கொண்ட டெல்மிசார்டான் என்னும் இரத்த அழுத்த மாத்திரையும் பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் இயல்புடையது. குழம்பு, இரசம், பொரியல், கிம்ச்சி எல்லாவற்றிலும் அந்த உப்பே சேர்ந்ததால், சில வாரங்களில் பொட்டாசியம் ஆபத்தான அளவை எட்டிவிட்டது.

குற்றம் கிம்ச்சியினுடையது அன்று. அந்தப் பெண்ணினுடையதும் அன்று. நான்கு ஆண்டுகளாக 'உப்பைக் குறையுங்கள்' என்று சொல்லி வந்த நான், 'மாற்று உப்பைத் தொடாதீர்கள்' என்று ஒருமுறையும் சொல்லவில்லை. அதை அவர் தாத்தாவின் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டேன். மூன்றாம் நாள் பொட்டாசியம் 4.9க்கு இறங்கியது, பெரியவர் வீடு திரும்பினார். அன்றுமுதல் எங்கள் பிரிவில் ஒவ்வொரு நோயாளியிடமும் 'வீட்டில் எந்த உப்பு?' என்று கேட்கிறோம். நீங்களும் அடுத்த முறை வரும்போது உப்புப் பொட்டலத்தைக் கையோடு கொண்டு வாருங்கள்.

எவரெவர் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரக நோயாளிகள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளை உண்பவர்கள், மருத்துவரைக் கேளாமல் மாற்று உப்பைப் பயன்படுத்தலாகாது. கிம்ச்சியும் ஊறுகாயும் உணவியல் வல்லுநர் சொல்லும் அளவோடு நிற்க வேண்டும்.

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள் ஆகியோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். பிறருக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்களே இவர்களுக்குச் சில வேளை தொற்றாக மாறக்கூடும். சமைக்காத கிம்ச்சியைத் தவிர்ப்பதே நல்லது. விருப்பம் மிகுந்தால், நன்கு கொதிக்கவைத்த கிம்ச்சிக் குழம்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகிய இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளை உண்பவர்களுக்கு: கோஸ் வகைகளில் வைட்டமின் கே உண்டு. அது இம்மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும். முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்னும் ஏற்றத்தாழ்வே தீங்கு. உண்டால் ஒரே அளவாக உண்ணுங்கள்; பரிசோதனைக்கு வரும்போது சொல்லுங்கள்.

காசநோய்க்கு மருந்து உண்பவர்கள், குறிப்பாக லினசோலிட் பெறுபவர்கள்: நாட்பட்டுப் புளித்த உணவுகளில் டைரமின் என்னும் பொருள் சேரும். அது லினசோலிடுடன் மிகுதியாகச் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென உயரலாம். ஐசோனியாசிட் உண்பவர்களுக்கும் சில மீன் வகைகளாலும் புளித்த உணவுகளாலும் முகம் சிவத்தல், படபடப்பு ஏற்படுவதுண்டு. மருந்தை நிறுத்தாதீர்கள், உணவைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இறால், மீன் ஒவ்வாமை உள்ளவர்களும் சைவ உணவினரும் மேலொட்டைப் படிக்காமல் வாங்கலாகாது. இரைப்பைப் புண்ணோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்களுக்குக் காரமும் புளிப்பும் தொல்லை தரும். உப்பிட்டுக் காத்த உணவை வாழ்நாள் முழுதும் மிகுதியாக உண்பதற்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. அந்நோய் மிகுந்த நாடுகளுள் கொரியாவும் ஒன்று. அதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமித் தொற்று முதலிய பிற காரணங்களும் உண்டு. வாரத்தில் சில நாள் இரண்டு கரண்டி உண்பவர் இதை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. அளவு மீறுபவர் நினைவில் கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்வோருக்கு

மேற்சொன்ன தடைகள் இல்லாத குடும்பத்தினருக்கு, உப்பின் அளவு தெரிந்த ஒரு செய்முறையைத் தருகிறேன். நறுக்கிய கோஸும் முள்ளங்கியும் சேர்ந்து 500 கிராம்; சாதாரண அயோடின் உப்பு 10 கிராம். கல்லுப்பாயின் கரண்டிக் கணக்கு பொருந்தாது, எடைபோட்டுக்கொள்ளுங்கள். உப்பிட்டுப் பிசைந்து இரண்டு மணி நேரம் வையுங்கள். வடியும் நீரைக் கொட்ட வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, அரைத்த பூண்டு, இஞ்சி, காரம் குறைந்த மிளகாய்த்தூள், வெங்காயத்தாள் ஆகியவற்றைக் கலந்து காயுடன் பிசையுங்கள். வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிக் குப்பியில் முக்கால் பங்குக்கு மட்டும் நிரப்பி, காய் தன் நீருக்குள் மூழ்குமாறு அழுத்துங்கள்.

கொரியக் குளிரில் வாரக்கணக்கில் நடக்கும் நொதித்தல், நம் ஊர்க் கோடையில் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆகவே அரை நாள் முதல் ஒரு நாள் வரை வெளியில் வைத்துவிட்டு, உடனே குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். மூடியை இறுக்காதீர்கள்; வாயு சேர்ந்து குப்பி வெடிக்கக்கூடும். உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுத்து, இரண்டு மூன்று வாரங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். பூஞ்சை, கொழகொழப்பு, அழுகிய நாற்றம் இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மேலே மட்டும் வழித்துவிட்டு உண்ணலாகாது, முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

உப்பு குறைக்க வேண்டியவர்களுக்கு வேறொரு வகை உண்டு. கொரியரே இதை 'கொட்ஜோரி' என்னும் பெயரில் செய்கின்றனர்: புளிக்க வைக்காத, அன்றன்று பிசைந்து உண்ணும் கிம்ச்சி. 250 கிராம் வெள்ளரி அல்லது கோஸுக்குக் கால் தேக்கரண்டி உப்பு போதும். புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு, மணத்துக்குப் பூண்டும் வறுத்த எள்ளும், காரத்துக்கு மிளகாய்த்தூள். நாட்கணக்கில் வைத்துக் காக்க வேண்டியதில்லை என்பதால் இங்கே உப்பைக் குறைப்பதில் ஆபத்தில்லை. மிஞ்சினால் மறுநாளைக்கு வைக்கலாகாது.

சோறும் துணையும்

நாட்பட்ட நோயுள்ளவர்களைப் பார்க்கும்போது நான் மிகவும் வருந்துவது அவர்களின் தனித்த தட்டைக் கண்டுதான். வீட்டார் ஒன்று உண்ண, நோயாளிக்கு மட்டும் உப்பில்லாத வேறொன்று ஓரமாக வைக்கப்படுகிறது. சுவை போனால் உணவு குறைகிறது. உணவு குறைந்தால் உடல் மெலிகிறது. நோயைவிட விரைவாக அந்த மெலிவு ஆளை வீழ்த்துவதை நான் கண்டிருக்கிறேன். ஆகையால் 'இது கூடாது, அது கூடாது' என்னும் பட்டியலோடு என் வேலை முடிந்துவிடுவதில்லை. எதை, எவ்வளவு, எப்படி என்று சொல்வதும் மருத்துவத்தின் பகுதியே.

அந்தப் பெரியவர் சென்ற மாதம் வந்தார். பொட்டாசியம் கட்டுக்குள் இருக்கிறது. இரத்த அழுத்தமும் பரவாயில்லை. வீட்டில் இப்போது சாதாரண உப்பு. ஆனால் சமையல் முழுவதற்கும் அன்றன்று அளந்து வைத்த சிறு கிண்ணம் ஒன்று. பேத்தி வாரத்துக்கு மூன்று நாள் வெள்ளரியில் கொட்ஜோரி பிசைகிறார். மற்ற நாட்களில் எலுமிச்சையும் மிளகுத்தூளும் தூவிய பொரியல். கருவாட்டை மாதம் ஒருமுறை என்று பெரியவரே குறைத்துக்கொண்டார். "அந்தப் பேருதான் வாயில நுழைய மாட்டேங்குது, ருசி நுழையுது" என்றார்.

புதிய உணவு ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்தால் அதை விரட்டவும் வேண்டாம். கணக்கின்றி வரவேற்கவும் வேண்டாம். மேலொட்டைப் படியுங்கள், உப்பை அளந்து கொள்ளுங்கள், மாத்திரைச் சீட்டுடன் எங்களிடம் வந்து கேளுங்கள். 'இதைப் போய் டாக்டரிடம் கேட்பதா' என்று தயங்க வேண்டாம். அந்தப் பெண்ணிடம் 'எந்த உப்பு?' என்று நான் முன்பே கேட்டிருந்தால், அவர் வார்டின் சுவரோரம் நின்று அழ நேர்ந்திருக்காது.